ஏறு கடிகாரமும் இறங்கு கடிகாரமும்

அந்த ஆலோசனை நிறுவனத்தில் யாரும் எதையும் செய்வதில்லை; மற்றவர்கள் எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வதோடு சரி. பிஸ்கட் கம்பெனிக்கு பிஸ்கட் சுடச் சொல்லிக்கொடுப்பார்கள். ஓட்டல்காரருக்குப் படுக்கை விரிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். கேட்டுக்கொண்டவர்களும் கைகுலுக்கி வழியனுப்பிவிட்டு, பழையபடியே பிஸ்கட் சுடுவார்கள், படுக்கை விரிப்பார்கள். இதில் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அங்கே முதுநிலை ஆலோசகராக இருந்த ஒருவரை எல்லோரும் ‘அட்டவணை’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கொடுத்தாலும் நாலு கோடு போட்டுக் கட்டத்துக்குள் அடைத்துவிடுவார். மகளுக்குப் பால்பல் விழுந்த தேதிகளுக்குக்கூட ஓர் அட்டவணை வைத்திருந்தார். சாது. செய்த வேலை தானே பேசும் என்று நம்புகிற ரகம். வேலைக்கு வாய் கிடையாது என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோ. எலும்பு முறிந்தவர்களையும் பக்கவாதம் வந்து படுத்தவர்களையும் பிடித்து நிறுத்தி நடக்க வைப்பது அவள் வேலை. வேறொரு நகரத்திலிருந்து துறைத் தலைவியாக வரச் சொல்லி அவளுக்கு இரண்டு முறை அழைப்பு வந்தது. இரண்டு முறையும், “இந்த வருஷம் எனக்கு மேலாளர் பதவி வந்துடும்மா, அதுக்கப்புறம் போலாம்” என்றார் அட்டவணை. அவளும் விட்டுக்கொடுத்தாள். பதவிதான் வந்தபாடில்லை. மூன்றாவது முறை அழைப்பு வந்தபோது அவள் அவரைக் கேட்கவே இல்லை.

“நானும் பாப்பாவும் ஒண்ணாம் தேதி கிளம்பறோம். நீங்க என்னைக்கு வர்றீங்கன்னு ஒரு அட்டவணை போட்டுச் சொல்லுங்க.”

அவள் பக்கம் நியாயம் இருந்தது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. நல்ல வேளையாக அந்த நகரத்திலும் நிறுவனத்துக்கு ஓர் அலுவலகம் இருந்தது. மனிதவள அதிகாரிக்குப் போன் போட்டார். இரண்டு அலுவலகத்துக்கும் அந்த அதிகாரி ஒருவரே. அவரை நேரில் பார்த்தவர் கிடையாது. தொலைபேசியில் குரலாக மட்டும் வாழ்ந்துவந்தார்.

“இடம் மாறினா என் பதவி உயர்வு பாதிக்குமா சார்?”

“கையேட்டுல பன்னிரண்டாம் பக்கம் பாருங்க சார். ‘நாம் எல்லைகளற்ற ஒரே குடும்பம். இடமாற்றம் பதவி உயர்வை எந்த வகையிலும் பாதிக்காது.’ கொட்டை எழுத்துல போட்டிருக்கோம்.”

“பாதிக்காதுக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் இருக்கே சார்?”

“அது அலங்காரம் சார்.”

அட்டவணை நம்பினார். நம்பிக் கெட்டவர்கள் வரிசையில் அவருக்கு முன்னால் நிறையப் பேர் நிற்கிறார்கள். அவரைத் தனியாகக் குறை சொல்ல வேண்டியதில்லை.

பழைய அலுவலகத்தில் அவருடைய கடைசி நாளன்று நடந்த ஒரு சின்ன விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆலோசகர்கள் பாதி நாள் வாடிக்கையாளரிடம் இருப்பார்கள், மீதி நாள் கூட்ட அறையில் இருப்பார்கள். அதனால் அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. நாற்காலி முதுகில் கோட்டு தொங்கினால் ஆள் வந்திருக்கிறார், பக்கத்தில் எங்கோ இருக்கிறார் என்று பொருள். அதற்கு மேல் யாரும் தோண்டித் துருவ மாட்டார்கள். தோண்டினால் நாளைக்குத் தன் கோட்டையும் யாராவது தோண்டுவார்கள் அல்லவா?

அந்த வாரம் ஐந்து பேர் வெளியேறினார்கள். அலுவலகத் தலைவரை எல்லோரும் ‘பெரியவர்’ என்பார்கள். அவர் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே பிரிவுரை ஆற்றினார். “நீங்க ஒவ்வொருத்தரும் என் மனசுல தனித்தனியா இருக்கீங்க” என்று கூட்டத்தைப் பொதுவாகப் பார்த்துச் சொன்னார். அட்டவணைக்கோ வீட்டு வாசலில் நின்ற லாரி டிரைவர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஓடினார். சாம்பல் நிறக் கோட்டு நாற்காலியிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் புது வீட்டில்தான் ஞாபகம் வந்தது.

“பழசுதானே, விடுங்க. ஒரு கோட்டுக்காக அவ்வளவு தூரம் யாராவது போவாங்களா?” என்றாள் மனைவி. அவரும் விட்டுவிட்டார்.

புது அலுவலகத்தில் முதல் வேலையாகப் புதுக் கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் நாற்பத்தாறாம் பக்கத்தின் அடியில், எறும்பு படித்தாலும் கண்ணாடி தேடும் எழுத்தில், அந்த நட்சத்திரத்துக்கு விளக்கம் இருந்தது. படித்துவிட்டுப் போனை எடுத்தார்.

“ஒரே அலுவலகத்துல ரெண்டு வருஷம் முடிச்சாதான் மேலாளர் பதவிக்குப் பேர் எடுப்பாங்கன்னு போட்டிருக்கே சார். நான் அங்க ரெண்டே கால் வருஷம் முடிச்சுட்டேனே?”

“அங்க முடிச்சீங்க. இங்க இன்னைக்குத்தானே வந்திருக்கீங்க? ஏறு கடிகாரம் சுழியத்துல இருந்து ஆரம்பிக்கும். இதைத் தண்டனையா நினைக்காதீங்க சார். புது ஆரம்பம்னு நினைங்க.”

“சரி. அதே பக்கத்துல, மூணு வருஷத்துக்குள்ள பதவி உயர்வு வரலைன்னா வேலையை விட்டுப் போகணும்னு இருக்கே. அந்தக் கடிகாரமும் சுழியத்துல இருந்துதானே ஆரம்பிக்கும்?”

“அது எப்படிச் சார்? அது இறங்கு கடிகாரம். ரெண்டே கால் வருஷம் ஓடியாச்சு. இன்னும் ஒன்பது மாசம் இருக்கு.”

“ரெண்டும் ஒரே நாள்ல ஆரம்பிச்ச கடிகாரம்தானே சார்?”

மனிதவள அதிகாரி பெருமூச்சு விட்டார். குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமை அந்தப் பெருமூச்சில் இருந்தது.

“ஏறு கடிகாரம் சுவர்க் கடிகாரம் சார். அது பழைய ஆபீஸ் சுவர்லயே நின்னுடுச்சு. இறங்கு கடிகாரம் கைக்கடிகாரம். நீங்க எங்க போனாலும் கூடவே வரும்.”

“அப்ப எனக்கு வழியே இல்லையா?”

“ஏன் இல்லை? விதிவிலக்கு இருக்கே. அலுவலகத் தலைவர் தாளைப் பார்க்காம உங்களைப் பத்தி மூணு சம்பவம் சொல்லிட்டார்னா, நீங்க ‘நன்கு காணப்பட்டவர்’. ரெண்டு வருஷம் தேவையில்லை. அதனால கண்ணுல படுங்க சார். வேலை யார் வேணா செய்யலாம். கண்ணுல படறதுதான் திறமை.”

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது அவள் முகம் வாடிவிட்டது. “என்னாலதானேங்க இது?” என்றாள். அவள் அப்படிக் கேட்டது அவருக்கு வேலை போவதைவிட வலித்தது. இரண்டு வருடத்துக்கு மேல் அவருக்காகக் காத்திருந்தபோதும், அவள் அவரை ஒரு நாளும் அப்படிக் கேட்க வைத்ததில்லை. “ஒன்பது மாசம் இருக்கு, பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, போய் ஓர் அட்டவணை போட்டார்.

புது அலுவலகத்தின் தலைவி ஒரு மேடம். அவர் எத்தனை மணிக்கு வருகிறார், எந்த லிஃப்ட்டில் ஏறுகிறார், எத்தனை மணிக்குக் காபி குடிக்கிறார் என்று பதினைந்து நாள் குறித்துவைத்தார் அட்டவணை. பத்தேகாலுக்குக் காபி. பத்து பத்துக்கே இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றார். அங்கே ஏற்கெனவே ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேரும் பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர்கள். காபி வேண்டுமென்று ஒருவருக்கும் இல்லை. நின்ற பாவத்துக்குக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதத்தில் இரண்டு பேருக்கு வயிற்றுப்புண் வந்தது. மேடம் தூரத்திலிருந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்துக்குப் போய்க் காபி குடிக்க ஆரம்பித்தார்.

லிஃப்ட்டில் மட்டும் ஒரு நாள் அதிர்ஷ்டம் அடித்தது. கதவு மூடியது. அவரும் மேடமும் மட்டும். ஏழு மாடி நேரம் இருந்தது. அட்டவணை நாலு மாடி வரை தொண்டையைக் கனைத்தார். ஐந்தாவது மாடியில் மேடமே திரும்பினார்.

“ரெண்டு நாளா கிறீச்சுன்னு சத்தம் வருதே, எப்பச் சரி பண்ணப் போறீங்க?”

“மேடம், நான் லிஃப்ட் மெக்கானிக் இல்லை மேடம்.”

“அப்ப அவரை வரச் சொல்லுங்க” என்றார் மேடம். கதவு திறந்தது.

இதற்கு நடுவில் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு ஏழு ஊரில் தொழிற்சாலை. ஊழியர்கள் ஊர் மாற மறுக்கிறார்கள், ஏன் என்று கண்டுபிடித்துத் தீர்வு சொல்ல வேண்டும். அட்டவணை ஆறு மாதம் பிஸ்கட் கம்பெனியே கதியென்று கிடந்தார். அவர் வீட்டுக்கு வந்தால் வெண்ணெய் வாசனை முன்னால் வரும், மகள் அவர் சட்டையில் முகத்தைப் புதைத்து, “இன்னைக்கு சாக்லேட் பிஸ்கட்டா?” என்று சரியாகச் சொல்லிவிடுவாள். அந்த ஆறு மாதத்தில் அவரைச் சரியாகக் கவனித்த ஒரே மேலதிகாரி அவள்தான்.

அவர் எழுதிய அறிக்கை நூற்றிருபது பக்கம். சாரம் ஒரே வரி: ‘ஊர் மாறினாலும் ஆள் அதே ஆள், அவருடைய வருடங்களைக் கூடவே எடுத்துப்போக விடுங்கள்.’

பிஸ்கட் கம்பெனி முதலாளி அரை மணியில் ஒத்துக்கொண்டார். “இதுக்கு நூத்தியிருபது பக்கம் எதுக்குங்க? நியாயமாத்தானே இருக்கு? நாளையில இருந்து அப்படியே பண்ணிடறேன்” என்றார். நிறுவனத்தின் சொல்லை ஒரு வாடிக்கையாளர் நிஜமாகவே செயல்படுத்தியது அதுதான் முதல் தடவை. அலுவலகமே கொஞ்சம் பயந்துபோனது. பிறகு அதற்கு ஒரு விருதும் கிடைத்தது. மேடம் மேடையேறி வாங்கிக்கொண்டு, “இடமாற்றத்தைத் தண்டனையாக்கும் நிறுவனங்களைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும்” என்று பேசினார். அட்டவணை கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்?

முதலாளி விடைபெறும்போது அவர் தோளில் கை போட்டு, “உங்க கம்பெனிலயும் இப்படித்தானே?” என்று கேட்டார். அட்டவணை ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

ஒன்பதாவது மாதம் பதவி உயர்வுக் குழு கூடியது. அடுத்த நாள் காலை அவருக்கு இரண்டு கடிதங்கள் வந்தன.

முதல் கடிதம் புது அலுவலகத்திலிருந்து. ‘தாங்கள் போதிய அளவு காணப்படவில்லை. நம்மோடான தங்கள் இனிய பயணம் இம்மாத இறுதியில் நிறைவடைகிறது.’  மனைவிக்கு என்ன சொல்வது, மகளுக்கு என்ன சொல்வது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடம் கழித்துத்தான் இரண்டாவதைப் பிரித்தார். அது பழைய அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. ‘நன்கு காணப்பட்டவர் என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்ததால், தாங்கள் பழைய இருக்கையிலேயே மேலாளராக உயர்த்தப்படுகிறீர்கள்.’

மனிதவள அதிகாரியே போன் செய்தார். பதற்றத்தில் குரலுக்கு வியர்த்தது.

“ஒரே ஆளை ஒரே நாள்ல ஏத்தவும் இறக்கவும் கம்ப்யூட்டர் ஒத்துக்க மாட்டேங்குது சார். பதினோரு மணிக்கு வீடியோ கூட்டம். ரெண்டு தலைவரும் வர்றாங்க.”

“நான் அங்க இருந்து வந்து ஒன்பது மாசம் ஆச்சே சார், என் பேர் எப்படி அங்க இன்னும் இருக்கு?”

“விடுவிப்புத் தாள்ல பெரியவர் கையெழுத்துப் போடலை சார். ‘ஆள் இங்கதானே உட்கார்ந்திருக்கார், எப்படி விடுவிக்கிறது’ன்னு திருப்பி அனுப்பிட்டார்.”

பதினோரு மணிக்குத் திரையில் பெரியவர் முகம் வந்தது. இந்தப் பக்கம் மேடமும் அட்டவணையும். மனிதவள அதிகாரி வழக்கம்போல் முகம் காட்டாமல் குரலாக வந்தார்.

“இவரைப் போயா அனுப்பறீங்க?” என்று பெரியவர் மேடத்திடம் சீறினார். “மூணு சம்பவம் சொல்றேன், கேளுங்க. தாளே வேண்டாம். ஒண்ணு, நான் ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பறேன், அப்பவும் இவர் கிளம்பலை. ஒரு நாள் இல்லை, ஒன்பது மாசமா. ரெண்டு, போன மாசம் பெரிய சண்டை. எல்லாரும் எழுந்து நின்னு கத்தறாங்க. இவர் மட்டும் அசையலை. அந்த நிதானம் எனக்கே கிடையாது. மூணாவதுதான் முக்கியம். ஒரு நாள் என் ரூம்ல இருந்தே இவரைக் கூப்பிட்டு, புது வியூகம் எப்படின்னு கேட்டேன். அவசரப்பட்டு வாயைத் திறக்கலை. நான் சொன்னதை முழுசா உள்வாங்கிக்கிட்டார். அது முதிர்ச்சி. இப்பக்கூடப் பாருங்க!”

அவர் தன் கணினியைத் தூக்கிக் கண்ணாடிச் சுவர் பக்கம் திருப்பினார். வரிசையாக நாற்காலிகளின் முதுகுகள் தெரிந்தன. மூன்றாவது நாற்காலியில், தோள் சரியாமல், சாம்பல் நிறக் கோட்டு உட்கார்ந்திருந்தது.

அட்டவணைக்கு முதலில் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இங்கே ஆளுக்குப் பாதிகூடக் கிடைக்கவில்லையே! ஆறு மாதம் வெந்த பிஸ்கட்டாக இவர் காய்ந்தார்; கோட்டு சும்மா தொங்கி மேலாளராகிவிட்டது. வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும், ஆனால் அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போக வேண்டும். மனைவியும் மகளும் இங்கே. வாயைத் திறந்தால் எதுவும் மிஞ்சாது. ஒரு கணம் அட்டவணை போட்டுப் பார்த்தார். கட்டம் எதுவும் நிரம்பவில்லை. திறந்துவிட்டார்.

“சார், அது என் கோட்டு சார். ஒன்பது மாசத்துக்கு முன்னால மறந்து விட்டுட்டு வந்தேன். நான் இங்க இருக்கேன்.”

பெரியவர் திரையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா துணியோடு வந்து, கோட்டின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். பெரியவர் அவளைக் கூப்பிட்டார்.

“இந்த சீட்டுல யாரும்மா இருக்காங்க?”

“யாரும் இல்லைங்களே. அந்தத் தம்பி போய் ஒன்பது மாசம் ஆச்சு. நான்தான் தினமும் தூசி தட்டி வெக்கிறேன். வந்து கேட்டா நல்லபடியாக் கொடுக்கணுமில்ல?”

“ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

“யாரும் கேக்கலையே சார்.”

 பிறகு பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் சும்மா தலைவராகவில்லை.

“நான் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். முப்பது வருஷமா ஆட்களைப் பார்க்கிறவன் நான். நான் பார்த்தது பார்த்ததுதான்.”

மேடம் விடுவாரா? “நான் பார்க்கலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். பார்க்காததும் பார்க்காததுதான்” என்றார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அட்டவணையைப் பார்க்காமலே.

இரண்டு யானை மோதினால் நடுவில் நசுங்குவது யார் என்று அட்டவணைக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் மனிதவள அதிகாரியின் குரல், அசரீரிபோல், தெளிவாக வந்தது.

“ரெண்டுமே சரிதானே? அங்க காணப்பட்டார், அதனால அங்க மேலாளர். இங்க காணப்படலை, அதனால இங்க வந்ததாவே கணக்கு இல்லை. வராத ஆளை எப்படிப் போகச் சொல்றது? அதனால இறக்கற கடிதம் செல்லாது. பதவி அங்க இருக்கட்டும், வேலையை இங்க பார்க்கட்டும். யார் கையெழுத்துக்கும் பங்கம் இல்லை.”

இருவர் முகத்திலும் நிம்மதி பரவியது. “இதைத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்றேன்” என்றார் பெரியவர். மேடமும் அதையேதான் சொன்னாராம்.

“ஒரே ஒரு நிபந்தனை” என்றார் மனிதவள அதிகாரி. “கோட்டை எடுக்கக் கூடாது. எடுத்தா அது இடமாற்றம். கடிகாரம் திரும்பச் சுழியத்துக்குப் போயிடும்.”

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று அவள் எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்த ஒருவரை ஜன்னல் வரை நடத்திக்கொண்டு போயிருந்தாள். கை இன்னும் வலித்தது.

“எங்க ஆஸ்பத்திரிலயும் வெள்ளைக் கோட்டு தொங்குதுங்க. அதை நம்பி விட்டுட்டு வந்தா, யாரும் எழுந்து நடக்க மாட்டாங்க. உங்க வேலை சௌகரியம்தான்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது. பிஸ்கட் கம்பெனியில் இப்போது தங்கள் வருடங்களை இழக்காமல் ஊர் மாறும் நாற்பது குடும்பங்களை நினைத்துக்கொண்டதும் கொஞ்சம் ஆறியது. அதையாவது கோட்டு செய்யவில்லை.

அடுத்த வாரம் அவர் கடைக்குப் போய்க் கருநீலத்தில் ஒரு கோட்டு வாங்கினார். தோள் விறைப்பாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்தார், போட்டுப் பார்க்கவில்லை. “சார், அளவு?” என்று கேட்ட கடைக்காரரிடம், “நாற்காலி அளவு” என்றார். மறுநாள் அதைப் புது அலுவலகத்தில் தன் நாற்காலிக்குப் போட்டுவிட்டார். காலையில் வாடிக்கையாளர் வேலையைப் பார்ப்பார். முடித்துவிட்டு ஐந்தரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்பார். மகள் சட்டையை மோந்துபார்த்து அன்று எந்தக் கம்பெனி என்று கண்டுபிடிப்பாள். மூன்று பேரும் இருட்டுவதற்குள் பூங்காவை ஒரு சுற்று சுற்றி வருவார்கள்.

ஒரு வருடம் கழித்து மேடம் அவரை ஆண்டு மதிப்பீட்டுக்கு அறைக்குள் அழைத்தார். முகத்தில் இதுவரை இல்லாத கனிவு.

“போன வருஷம் உங்களைக் கண்ணுலயே காணோம். இந்த வருஷம் என்ன ஒரு மாற்றம்! காலைல வந்தா இருக்கீங்க, ராத்திரி போனா இருக்கீங்க. அசையறதே இல்லை. ரொம்பத் திருப்தி. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைச்சுக்காதீங்க” என்று குரலைத் தாழ்த்தினார். “இப்படி ஆபீஸே கதின்னு கிடக்காதீங்க. கொஞ்சம் வீட்டையும் கவனிங்க.”